தொழிற்பேட்டைக்கு அடியில் ஓர் ஊர்

ஆவடி என்ற பெயர் எப்படி வந்தது? அந்தப் பக்கத்து மாணவர்களைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் ஒரே விடையைச் சொல்வார்கள். கவச வாகனங்கள், கிடங்குகள், இந்தியா என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ஆவடி’ வருகிறதாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே அமைக்கப்பட்டது 1961-இல். அதற்கு 6 ஆண்டுகளுக்கு முன்பே, 1955 ஜனவரியில், நாடெங்கும் பேசப்பட்ட காங்கிரஸ் மாநாடு அங்கே கூடி, அதற்கு ‘ஆவடி காங்கிரஸ்’ என்ற பெயரும் நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே இராணுவம் அங்கு முகாமிட்டிருந்ததே என்று சிலர் வாதாடலாம். இராணுவம் வந்து இறங்கியது ஆளில்லாத பொட்டலில் அல்ல. ஏரியும் வயலும் கோயிலும் உள்ள ஓர் ஊரில். 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயிலும் இந்த ஊர்களைக் கடந்துதான் போயிற்று.

தொழிற்சாலை வந்த பிறகு ஊர் தோன்றியது என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று. அம்பத்தூரில் 1949-இல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1964-இல் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் தொழிற்பேட்டை வந்தது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இலும், எண்ணூரில் அனல் மின்நிலையம் 1970-இலும் இயங்கத் தொடங்கின. 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் பின்னர்க் கும்மிடிப்பூண்டியிலும் தொழில் வளாகம் அமைத்தது. இத்தனைக்கும் தேதி இருக்கிறது, திறப்பு விழாக் கல்வெட்டு இருக்கிறது. இவற்றுக்கு நிலம் தந்த ஊர்களுக்கு என்ன இருக்கிறது? அவற்றின் வரலாற்றை எங்கே தேடுவது? இதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

பௌதிகம் கற்பிக்கும் ஒருவன் ஊர் வரலாற்றில் ஏன் தலையிட வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். அளவைகள், நீர், மண் ஆகிய மூன்றும் இல்லாமல் ஊர் வரலாறு இல்லை. மூன்றும் விஞ்ஞானத்தின் பொருள்கள்தாம். போகப் போக இது விளங்கும்.

பெயர்களே முதல் ஏடு

கையில் காசில்லாத ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்கும் முதல் ஆவணம் ஊர்ப்பெயர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றி நடந்து பாருங்கள். அத்திப்பட்டு, பட்டரவாக்கம், மண்ணூர்ப்பேட்டை, மேனாம்பேடு, ஒரகடம், கள்ளிக்குப்பம் என்று பெயர்ப்பலகைகள் வரும். இன்று இவை பேருந்து நிறுத்தங்கள். நேற்று வரை தனித்தனி ஏரியும் களத்துமேடும் கொண்ட ஊர்கள். பாடி என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் ஊர் திருவலிதாயம் என்ற பெயரில் சம்பந்தரின் தேவாரத்தில் இடம்பெற்றது. திருமுல்லைவாயிலைச் சுந்தரர் பாடினார். அதாவது ஏறத்தாழ 1,200 முதல் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே பெயரும் கோயிலும் பெற்றிருந்த ஊர்களை ‘புறநகர் வளர்ச்சி’ என்று நாம் அழைத்துக்கொண்டிருக்கிறோம். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் புழல் கோட்டம் ஒன்று. இப்பகுதியில் பெரும் பங்கு அதைச் சேர்ந்தது.

வடக்கே போகப் போகப் பெயர்களின் சாயல் மாறுகிறது. கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கம் ‘கண்டிகை’ என்று முடியும் சிற்றூர்கள் மிகுதி. இதே சொல் எல்லைக்கு அப்பால் தெலுங்கில் ‘கண்ட்ரிகை’ என்று வழங்குகிறது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிய நாடு இது. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி இங்கே வந்தது; திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களைச் சேர்ந்த சில ஊர்கள் அங்கே போயின. கோடு நகர்ந்தது, பெண் கொடுத்த வீடும் எடுத்த வீடும் நகரவில்லை.

பழவேற்காட்டு ஏரியை ஒட்டிச் சுண்ணாம்புக்குளம் என்றோர் ஊர் உண்டு. அந்த ஏரியின் கிளிஞ்சல்களைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிப் பக்கிங்காம் கால்வாய் வழியே படகில் சென்னைக்கு அனுப்பிய காலத்தை அந்தப் பெயர் நினைவூட்டுகிறது. சென்னையின் பழைய கட்டடங்களின் பளபளக்கும் சுவர்களில் இந்தக் கடலோர ஊர்களின் உழைப்பு பூசப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு சிறு செய்தி. 2001-இல் வந்த ‘சிட்டிசன்’ திரைப்படத்தில் அத்திப்பட்டி என்ற ஊர் வரைபடத்திலிருந்தே மறைந்துவிடும். அது கற்பனை. ஆனால் அத்திப்பட்டு என்ற பெயரில் இந்த வட்டாரத்தில் இரண்டு ஊர்கள் உண்டு; ஒன்று அம்பத்தூர்த் தொழிற்பேட்டையருகே, மற்றொன்று எண்ணூருக்கு வடக்கே மின்நிலையங்களுக்கு அருகே. இரண்டும் மறையவில்லை. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

பர்னார்டு எடுத்த கணக்கு

பெயருக்கு அடுத்தது எழுத்து. திருவள்ளூர் மாவட்டம் இதில் பாக்கியசாலி. இராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 இதழ்கள் கொண்டவை. பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த ஆவணம் அது. சோழர் காலத்தில் இப்படி ஓர் ஊரைக் கொடுக்கும்போது பெண் யானை ஒன்றை எல்லையைச் சுற்றி நடத்தி, அது நடந்த வழியே கல்லும் கள்ளியும் நடுவார்கள். வாய்க்கால், மேடு, மரம் என்று எல்லை விவரங்கள் வரிசையாக வரும். அரசர்களின் வெற்றிகளைப் படிப்பவர்கள் பலர். எல்லைப் பகுதியைப் படிப்பவர் சிலரே. ஊர் வரலாறு இருப்பதோ அந்த எல்லைப் பகுதியில்தான்.

ஆனால் செப்பேடு கிடைத்த ஊர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மற்ற ஊர்களுக்கு? இங்கேதான் ஒரு வியப்பான ஆவணம் நமக்குக் கைகொடுக்கிறது. 1763-இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, சென்னையைச் சுற்றியிருந்த நிலப்பரப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வடக்கே பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து தெற்கே செய்யூர்ப் பக்கம் வரை நீண்ட பகுதி அது. பிற்காலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தின் கரு. என்ன கிடைத்திருக்கிறது என்று தெரிய வேண்டாமா? தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை அனுப்பினார்கள். 1767 முதல் 1774 வரை அவர் சுமார் இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார். ஒவ்வோர் ஊரிலும் எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, ஏரி எத்தனை, தோப்பு எத்தனை, எந்தத் தொழில் செய்யும் வீடுகள் எத்தனை, விளைச்சல் எவ்வளவு, அதில் யார் யாருக்கு என்ன பங்கு என்பனவெல்லாம் பதிவாயின. ஊர்க் கணக்கர்கள் தமிழில் ஓலையில் எழுதிக் கொடுத்த கணக்குகளே இதற்கு அடிப்படை.

இந்தக் கணக்கு எடுக்கப்பட்ட காலம் முக்கியமானது. 1780-இல் ஐதர் அலியின் படையெடுப்பு இந்த ஜாகீரைச் சூறையாடியது. ஊர்கள் காலியாயின, ஏரிகள் உடைந்தன. அதற்கு முந்தைய நிலையைக் காட்டும் கடைசிப் படம் பர்னார்டின் ஏடு. புயலுக்கு முன்னால் எடுத்த புகைப்படம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஏடுகள் நெடுங்காலம் ஆவணக் காப்பகத்தில் தூங்கின. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காந்திய வரலாற்றாய்வாளர் தரம்பால் அவற்றின் மதிப்பை எடுத்துரைத்தார். அதன் பின் சென்னையில் உள்ள கொள்கை ஆய்வு மையம் ஆங்கிலச் சுருக்கங்களையும் ஓலைக் கணக்குகளையும் ஆராய்ந்தது. அவற்றில் தெரியும் ஊர் வெறும் உழவூர் அல்ல. களத்தில் நெல் அளக்கும்போதே கணக்கர், தலையாரி, தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், வெட்டியான், நீர்க்கட்டி, கோயில், பள்ளி என்று பங்கு பிரியும். ஏரி மராமத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இன்றைய மொழியில் சொன்னால் ஊராட்சியின் வரவுசெலவுத் திட்டம் களத்துமேட்டிலேயே நிறைவேறியது. நகரத்துக்கு அருகில் இருந்த ஊர்கள் அந்தக் காலத்திலேயே நகரத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவை. மணலி முத்துகிருஷ்ண முதலியார் கம்பெனியின் துபாஷியாக இருந்தவர். இராம நாடகம் இயற்றிய அருணாசலக் கவிராயரை ஆதரித்தவர். சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியைப் பார்த்து மணலியை அறிந்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம்.

ஓர் அளவையைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த வட்டாரத்தில் நிலத்தைக் காணியால் அளந்தார்கள். 24 அடிக்கு 24 அடி ஒரு குழி. 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி; 57,600 சதுர அடி, அதாவது சுமார் 1.32 ஏக்கர். அந்தக் காணியை 24 ஆகப் பங்கிட்டால் ஒரு மனை, 2,400 சதுர அடி. ‘ஒரு கிரவுண்டு விற்பனைக்கு’ என்று இன்று விளம்பரம் செய்கிறார்களே, அந்தக் கிரவுண்டு இதுதான்! மெட்ரிக் முறை சட்டமாகி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், வயலை அளந்த பழைய கோல் அடுக்குமாடி வீட்டின் விலையில் உயிரோடிருக்கிறது.

கணக்கில் வராதவர்கள்

ஏடுகளைப் புகழ்ந்தது போதும். அவற்றில் யார் இல்லை என்றும் பார்க்க வேண்டும். களத்தில் பங்கு பெற்றோர் பட்டியலைப் படித்துவிட்டு, எல்லோரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊர் என்பது ஊரும் சேரியும்.

மதுராந்தகம் ஏரி காத்த இராமர் கதையில் வரும் கலெக்டர் லயனல் பிளேஸ் 1794 முதல் 1798 வரை ஜாகீரை நிருவகித்தவர். அவரும், 1816-ஐ ஒட்டி எல்லிஸும் மிராசு உரிமை என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். நிலத்தில் பரம்பரைப் பங்குடையோரே மிராசுதார்கள். உழுதவர்களின் நிலை என்ன என்று ஓர் அதிகாரி நேரே போய்ப் பார்த்து எழுத ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் சமர்ப்பித்த அறிக்கை அது. சேரி மக்கள் குடியிருந்த குடிசை மனையின்மீதுகூட அவர்களுக்கு உரிமை இல்லை, மிராசுதார் நினைத்தால் வெளியேற்ற முடியும் என்ற நிலையை அவர் எடுத்துக்காட்டினார். தரிசு நிலம் கேட்டு அவர்கள் மனுச் செய்தாலும், மிராசு முன்னுரிமை குறுக்கே நின்றது. இதன் விளைவாக 1892-இல் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அந்த நிலங்களே பஞ்சமி நிலம் எனப்படுபவை. 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் அதே மக்களுக்குள்தான் விற்கலாம் என்பது நிபந்தனை.

அன்று திருவள்ளூரும் பொன்னேரியும் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-இல். ஆகவே அந்த அறிக்கை இந்த ஊர்களின் வரலாறும் ஆகும். இன்று தொழிற்சாலைச் சுற்றுச்சுவருக்குள்ளும் மனைப்பிரிவுக்குள்ளும் கிடக்கும் நிலங்களில் எவை பஞ்சமி நிலங்களாக இருந்தன? பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டையும் இன்றைய பட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடை தெரியும். ஊர் வரலாறு ஒரு பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு தாள்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இருளர்கள் இன்னும் ஒரு படி வெளியே இருந்தவர்கள். ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு, காட்டோரம் என்று வாழ்ந்தவர்களுக்குப் பட்டா ஏது? பாம்புத் தோல் வாணிகம் 1970-களில் தடைசெய்யப்பட்ட பிறகு பலர் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் கூலியாகப் போனார்கள். முன்பணத்துக்குக் கட்டுண்டு கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. ஓலையில் தேடினால் அவர்கள் கிடைக்க மாட்டார்கள். வாய்மொழியைத்தான் கேட்க வேண்டும்.

‘புறம்போக்கு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வரிக்குப் புறம்பாக வைக்கப்பட்ட பொது நிலம் என்பது அதன் பொருள். மேய்க்கால், களம், சுடுகாடு, ஏரி, ஓடை எல்லாம் புறம்போக்கு. எல்லோருக்கும் பொது என்பதால் மதிப்புடைய நிலம், யாருக்கும் சொந்தமில்லை என்பதால் மதிப்பில்லாததாகி, கடைசியில் வசைச்சொல்லாகவும் ஆயிற்று. தொழிற்பேட்டைக்கு நிலம் தேடும்போது முதலில் அரசின் கண்ணில் படுவதும் அதுவே. எண்ணூர்க் கழிமுகத்தின் நிலையை வைத்து 2017-இல் வெளிவந்த ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ இந்தச் சொல்லைத்தான் தலைநிமிர வைத்தது.

மதகும் கலங்கலும்

இந்த மாவட்டத்து ஊரைப் புரிந்துகொள்ள ஏரியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏரிக்கு உறுப்புகள் நான்கு. மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், மண்ணால் ஆன கரை, பாசனத்துக்குத் திறக்கும் மதகு, மிகுநீர் வழியும் கலங்கல். ஓர் ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரியின் வரத்துக்கால். இப்படிச் சங்கிலியாகப் போய்க் கொசஸ்தலையாற்றிலோ ஆரணியாற்றிலோ முடியும்.

மதகைத் திறக்கும் நீர்க்கட்டி பள்ளிக்கூடம் போகாதவராக இருந்திருக்கலாம். ஆனால் அவர் கையாண்டது டாரிசெல்லியின் விதி. மதகு வழியே பாயும் நீரின் வேகம், அதற்கு மேலுள்ள நீர்மட்ட உயரத்தின் வர்க்க மூலத்தைப் பொறுத்தது. 2 மீட்டர் நீர் நின்றால் வேகம் வினாடிக்குச் சுமார் 6.3 மீட்டர், மட்டம் அரை மீட்டராகக் குறைந்தால் வேகம் பாதி, 3.1 மீட்டர். (உராய்வைக் கணக்கில் சேர்த்தால் இரண்டும் சற்றுக் குறையும்.) நீர் கால் பங்காகிவிட்டதே, ஓட்டமும் கால் பங்காகும் என்று நினைத்துத் துளையை நான்கு மடங்கு திறந்தால் நீர் வீணாகும், இரண்டு மடங்கு போதும். கடைமடை வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேர வேண்டும், தை மாதம் வரை நீரும் இருக்க வேண்டும். பிசகினால் கடைமடைக்காரர் சும்மா விடுவாரா? வகுப்பில் இந்தச் சமன்பாட்டைக் கற்பிக்கையில் நான் நீர்க்கட்டியைத்தான் உதாரணமாகச் சொல்வது வழக்கம்.

இப்போது ஆயக்கட்டு முழுவதையும் தொழிற்பேட்டை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? வயல் இல்லையென்றால் மதகைத் திறக்க ஆள் தேவையில்லை. மதகு அடைபடும். நீர்க்கட்டியின் மகன் காவலாளி வேலைக்குப் போவார். வரத்துக்கால் தெருவாகும். கலங்கலுக்குக் கீழே பள்ளத்தில் மனை போடுவார்கள். ஏனெனில் அங்கேதான் விலை மலிவு. பல ஆண்டுகள் மழை குறைந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். 2015 டிசம்பரில் தோன்றவில்லை. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளின் கீழிருந்த தெருக்களில் தண்ணீர் நுழைந்தபோது, ‘ஏரி ஊருக்குள் வந்துவிட்டது’ என்றார்கள். பழைய புலப்படத்தை வைத்துப் பார்த்தால், வாய்க்கால் போன வழியே தண்ணீர் போயிருக்கிறது. தண்ணீருக்குப் பட்டா மாற்றம் பற்றி யாரும் அறிவிப்பு அனுப்பவில்லை.

ஏரி வேறு, நகரத்தின் குடிநீர்த் தேக்கம் வேறு என்ற வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. புழல் ஏரி 19-ஆம் நூற்றாண்டிலேயே சென்னையின் தாகத்துக்கு ஒதுக்கப்பட்டது. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் முடிந்தது. பூண்டிக்கு அருகில் அத்திரம்பாக்கம் இருக்கிறது; 1863-இல் ராபர்ட் புரூஸ் புட் கற்கருவிகளைக் கண்ட இடம். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு 15 இலட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் வெளியான ஆய்வு கூறியது. இத்தனை பழைய காலத்து மனிதரைப் பற்றி அருங்காட்சியகம் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய நீர்க்கட்டியைப் பற்றி ஒரு பக்கமும் இல்லை. தொல்லியலார் கோபிக்க வேண்டாம்.

கிணற்றுக்குள் கடல்

எழுத்தறியாத கிணறும் ஓர் ஆவணமே. எண்ணூருக்கும் பொன்னேரிக்கும் இடையே மீஞ்சூரைச் சுற்றியுள்ள ஊர்களில் முதியவர்களைக் கேட்டால், எந்தக் கிணறு எப்போது உப்புக் கரித்தது என்று சொல்வார்கள். 1960-களின் பிற்பகுதியில் ஆரணியாறு, கொசஸ்தலையாறு வடிநிலத்தின் நிலத்தடி நீர் ஆராயப்பட்டு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைக்கப்பட்டன. நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் அங்கிருந்து நீர் போயிற்று. வயலுக்கும் பம்புசெட்டுகள் இறைத்தன.

கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீரின் அடர்த்தி 1.025. வேறுபாடு 0.025, ஒன்றை இதனால் வகுத்தால் 40. அதாவது கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் படியுங்கள். இறைத்து இறைத்து மேல்மட்டம் 1 மீட்டர் குறைந்தால், அடியிலிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறிவரத் தயாராகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைக் கண்டு சொன்னவர்களுள் ஒருவர் கைபன் என்ற டச்சுக்காரர். 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை முடித்த டச்சுக்காரர்களின் வழிவந்தவர்களுக்குக் கடலும் கிணறும் பற்றிய கவலை இயல்பானதே. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. கிணறு கரித்ததும் நெல் போயிற்று. நெல் போனதும் நிலத்தின் விலை இறங்கிற்று. பிறகு நிலம் கேட்டு வந்தவர்களுக்கு அது ‘விளையாத நிலம்’ ஆயிற்று. ஒரு சமன்பாட்டிலிருந்து ஒரு கிரயப் பத்திரம் வரை நேர்க்கோடு போட முடிகிறது.

எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் மீனவர்களுக்கு நிலப் பதிவேடு இல்லை. ஆனால் பழவேற்காட்டில் ‘பாடு’ என்ற முறை உண்டு. எந்த ஊரார், எந்த நாள், ஏரியின் எந்த இடத்தில் வலை விரிக்கலாம் என்பதை முறைவைத்துப் பங்கிடும் ஏற்பாடு. அது எழுதப்படாத அடங்கல் என்றே சொல்லலாம். 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, இழப்பைக் கணக்கிட வந்தவர்கள் படகையும் வலையையும் எண்ணினார்கள். எந்த நீர்ப்பரப்பு எந்த ஊரின் பிழைப்பு என்ற கணக்கு மீனவர்களின் நினைவில் மட்டுமே இருந்தது.

ஷிப்டு நேரத்து ஊர்

அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை, ஆண் தொழிலாளர்களில் முக்கால் பங்கினர் உழவல்லாத வேலையில் இருத்தல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ்தல் என்ற மூன்றும் பொருந்தினால், ஊராட்சியாகவே இருந்தாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஓர் ஊரை நகரம் என்று எழுதிக்கொள்ளும். அளவுகோலில் ஆண்களின் வேலை மட்டும் ஏன் என்று மாணவிகள் கேட்பது நியாயமே. கணவர் ஆலைக்குப் போக, மனைவி நாற்று நடும் ஊர் இந்தக் கணக்கின்படி நகரம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய சிறுபுழல்பேட்டை, பாப்பன்குப்பம், புதுகும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களில் நேரத்தைச் சொல்வது கோழியன்று, ஆலையின் ஷிப்டு. இரும்பு உருக்கும் ஆலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு இளைஞர்கள். மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் வரிசையாக வாடகை அறைகள். நெல் காயவைத்த வாசலில் இருசக்கர வண்டிகள். மளிகைக் கடைக்காரர் கடுகு எண்ணெயும் வாங்கி வைக்கிறார். இந்தியில் விலை சொல்லப் பழகிவிட்டார். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாமும் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு இதுவே ஊர். காணி விற்ற பணத்தில் கட்டிய மாடிவீடும், வேலை கிடைக்காத பட்டதாரியும் ஒரே கூரையின் கீழ். ஆடித் திருவிழா மட்டும் பழைய எல்லைக்குள்ளேயே நடக்கிறது. எல்லையம்மன் ஊர்வலம் ஆலைச் சுவர்வரை போய்த் திரும்புகிறது. அந்தச் சுவருக்கு அப்பால்தான் பழைய எல்லை இருந்தது என்று பூசாரி சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஊரை முறையாக ஆராயும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பித் திரட்டிய தகவல்கள் 1918-இல் நூலாயின. அவற்றுள் விழுப்புரத்துக்கு அருகிலுள்ள இருவேல்பட்டு போன்ற ஊர்கள் 1930-களிலும் பின்னரும் மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டன. அதனால் அந்த ஊரின் நூறாண்டு மாற்றத்தை நம்மால் பேச முடிகிறது. அம்பத்தூருக்கோ மணலிக்கோ அப்படியொரு தொடர்ச்சி இல்லை. நகரத்துக்கு அருகிலிருந்ததால் இவை ‘உண்மையான கிராமம்’ அல்ல என்று கிராம ஆய்வாளர்கள் ஒதுக்கினார்கள். நகர ஆய்வாளர்களோ கோட்டையையும் மயிலாப்பூரையும் தாண்டவில்லை. 2011-இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துச் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, அம்பத்தூரும் மணலியும் கத்திவாக்கமும் வார்டு எண்களாயின.

காலம் நமக்குச் சாதகமாக இல்லை. 1980-இல் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பரம்பரைப் பதவி ஒழிந்தது நல்லதே. ஆனால் எந்த வயலுக்கு என்ன பெயர், எந்த மதகு யாருக்கு என்பதை மனப்பாடமாக வைத்திருந்த கடைசித் தலைமுறை அதோடு கலைந்தது. அதே ஆண்டுகளில் நிலவுடைமைப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டுப் புதிய புல எண்கள் வந்தன. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் பதிவேடு இல்லாமல் பழைய தாள்களைப் படிக்க முடியாது. மாணவர்கள் தொடங்க வேண்டிய இடம் அந்தப் பதிவேடுதான். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தைப் பாருங்கள். அதில் சிறு கோடுகளாகத் தெரியும் வாய்க்கால்களை நடந்து பாருங்கள். பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். வயலுக்கெல்லாம் பெயர் உண்டு. பெண்களிடம் தனியாகக் கேளுங்கள்; எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். சேரியில் கேட்கும் வரலாறும் ஊரில் கேட்கும் வரலாறும் மாறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள், சராசரி எடுக்காதீர்கள். அளவீட்டில் சராசரி எடுக்கும் பழக்கம் பௌதிகக்காரர்களுக்கு உண்டு. இங்கே அது உதவாது.

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து உருவாக்கிய நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. கொள்ளளவு அரை டி.எம்.சி., அதாவது 50 கோடி கன அடி. சென்னைக்குக் குடிநீர் தரும் தேக்கங்களில் இதுவே புதியது. தேர்வாய் கண்டிகையில் சிப்காட் வளாகமும் இருக்கிறது. அதற்கு நிலம் எடுத்தபோது மேய்ச்சல் காட்டைக் காக்க ஊரார் போராடினார்கள். இரண்டு பழைய ஏரிகளின் மதகுகள், அவற்றின் கீழிருந்த வயல்களின் பெயர்கள், நீர் பங்கிட்ட முறை எல்லாவற்றையும் நேரில் அறிந்தவர்கள் இன்றும் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்தும் ஊத்துக்கோட்டையிலிருந்தும் பேருந்து ஏறி ஒரு நாளில் போய்க் கேட்டு வந்துவிடலாம்.